மேலே செம்மண், கீழே சூடு: மூடிய குப்பைமேட்டை எப்படி அளப்பது?

கேள்வி: எங்கள் நகராட்சியின் பழைய குப்பைக் கிடங்குக்குப் பின்புறத் தெருவில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மூன்று ஆண்டுகளுக்கு முன் கோடையில் கிடங்கு தீப்பற்றி ஐந்து நாள் புகைந்தது. பிறகு குப்பை கொட்டுவதை நிறுத்தி, மேலே செம்மண் பரப்பி மூடிவிட்டார்கள். அங்கே பூங்காவும் சமுதாயக்கூடமும் கட்டப் போவதாகச் சொல்கிறார்கள். ஆனால் மேட்டின் ஒரு மூலையில் நட்ட வேப்பங்கன்றுகள் இரண்டு முறையும் பட்டுப்போயின. மார்கழி விடியற்காலையில் அங்கிருந்து ஆவி எழுகிறது. மழைநீர் தேங்கினால் குமிழி வருகிறது. கேட்டால், "மீட்டர் வைத்துப் பார்த்தோம், வாயு எதுவும் இல்லை" என்கிறார்கள். இதற்கு விதிமுறை இல்லையா? நாங்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள அம்மா,

குமிழி, ஆவி, பட்டுப்போன கன்று என்று நீங்கள் எழுதியிருக்கும் மூன்றும் மூன்று அளவீடுகள். அந்த மீட்டர் சொன்னதைவிட இவற்றை நான் அதிகம் நம்புகிறேன்.

தேங்கிய நீரில் விடாமல் குமிழி வந்தால் அடியிலிருந்து வாயு அழுத்தத்தோடு வெளியேறுகிறது என்று பொருள். வேம்பு வறண்ட நிலத்திலும் பிழைக்கிற மரம். ஒரே இடத்தில் இரண்டு முறை அது பட்டுப்போகிறது என்றால், வேருக்கு வேண்டிய ஆக்சிஜனை வேறு வாயு மண்ணிலிருந்து விரட்டியிருக்கலாம், அல்லது வேர்மண்ணே சூடேறியிருக்கலாம். ஆவியை மட்டும் வைத்து அஞ்ச வேண்டாம். நல்ல நிலையில் உள்ள குப்பைமேடும் உள்ளே 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகத்தான் இருக்கும். மார்கழிக் குளிரில் அந்தச் சூட்டுக்கே ஆவி தெரியும். மூன்றும் ஒரே மூலையில் சேர்ந்திருப்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. முன்பு தீ எந்தப் பக்கம் எரிந்தது என்று நீங்கள் எழுதவில்லை. இதே மூலை என்றால் என் கவலை இரட்டிப்பாகும்.

ஏனென்றால் குப்பைமேட்டில் மேலே எரிவதும் உள்ளே எரிவதும் வேறு வேறு. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடியிலும், 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்திலும், 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூரிலும் கிடங்குகள் எரிந்தபோது நாம் பார்த்தது மேல்தீயும் அதன் புகையும். பிரம்மபுரத்தில் பொக்லைன் கொண்டு குப்பையைப் புரட்டிப் புரட்டி உள்ளே தண்ணீர் செலுத்த வேண்டியிருந்தது. மேலே இருந்து பீய்ச்சிய தண்ணீர் பிளாஸ்டிக் அடுக்குகளில் வழிந்து ஓடிவிடும். அடியில் கனல் அப்படியே கிடக்கும். அதன்மேல் இரண்டு அடி மண்ணைப் போட்டால் புகை நிற்கும். கனல் நின்றுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. விறகடுப்பில் சாம்பல் மூடிய தணலைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி அந்த மீட்டர். அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். எங்கே வைத்துப் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஊரில் இதே போல மூடிய மேடு ஒன்றுக்கு என்னை அழைத்திருந்தார்கள். ஊழியர் ஒருவர் மீட்டரை இடுப்பு உயரத்தில் பிடித்தபடி மேட்டின் மேல் நடந்து காட்டினார். மீத்தேன் பூஜ்யம், ஆக்சிஜன் 20.9. காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்குமோ அதே அளவு. அவர் அளந்தது ஊர்க் காற்றை. நாங்கள் ஒரு கடப்பாரையைச் சம்மட்டியால் அடித்து ஒரு மீட்டர் ஆழத்துக்கு இறக்கினோம். அந்தத் துளையில் மெல்லிய குழாயை விட்டு, மேலே களிமண்ணைப் பிசைந்து அடைத்து, அதே மீட்டரை இணைத்தோம். ஆக்சிஜன் எண் திரையில் இறங்கத் தொடங்கியது: 15, 9, 3, பிறகு ஒன்றுக்கும் கீழே. மீத்தேன் ஐம்பது சதவீதத்தைத் தாண்டி நின்றது. அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு இடத்தில் கடப்பாரையை உருவியபோது அதன் நுனியைக் கையால் தொட முடியவில்லை. அந்த இடத்தின் மேலே ஆமணக்கு பச்சைப்பசேலென்று நின்றிருந்தது.

இதை நீங்கள் செய்து பார்க்கக் கூடாது, அம்மா. மண்ணுக்குள் எங்கே வெற்றிடம் இருக்கிறது, எங்கே மின்கம்பி போகிறது என்று தெரியாமல் கடப்பாரை இறக்குவதும், வாயு வருகிறதா என்று தீக்குச்சி கிழித்துப் பார்ப்பதும் உயிரோடு விளையாடுவது. கிடங்கில் பழைய இரும்பு தேடும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். மக்கும் குப்பையை மண்ணால் மூடினால் சில மாதங்களில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். பிறகு காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வேலையை எடுத்துக்கொள்ளும். அவை வெளியிடும் வாயுவில் ஏறத்தாழ பாதி மீத்தேன், மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி போதும், வெடிக்கும். அதற்கு மேல் இருந்தால் வெடிக்காது. ஆனால் காற்றோடு கலந்து நீர்த்துப்போகும் வழியில் அது எப்படியும் அந்த 15 இலிருந்து 5 வரையுள்ள பகுதியைக் கடந்துதான் ஆக வேண்டும். உங்கள் வீட்டுச் சம்ப், கழிவுநீர்த் தொட்டி, படிக்கட்டின் அடியில் உள்ள அறை போன்ற மூடிய இடங்களில் அது அப்படிக் கடக்கும்போதுதான் ஆபத்து.

இங்கிலாந்தின் டெர்பிஷைரில் லாஸ்கோ என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே மூடப்பட்ட குப்பைமேட்டிலிருந்து எழுபது மீட்டர் தள்ளியிருந்த ஒரு வீடு 1986 மார்ச் 24 அன்று காலையில் வெடித்துத் தரைமட்டமானது. வீட்டிலிருந்த மூவர் காயத்தோடு தப்பினார்கள். வாயு பாறை வெடிப்புகள் வழியாக மண்ணுக்கடியில் நகர்ந்து வந்திருந்தது. அன்று ஏழு மணி நேரத்தில் காற்றழுத்தம் 29 மில்லிபார் இறங்கியிருந்தது என்று பிறகு கண்டறிந்தார்கள். வெளியே அழுத்தம் குறைந்ததும், மண்ணுக்குள் அடைபட்டிருந்த வாயு வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. அதற்கு முன்பே அப்பகுதித் தோட்டங்களில் மண் சூடாகிச் செடிகள் கருகியிருந்தன. யாரும் அதைக் குப்பைமேட்டோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

நம் ஊருக்கு இதில் தனிப் பாடம் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் காற்றழுத்தத் தாழ்வு நிலை நெருங்கும்போது இரண்டு காரியம் ஒன்றாக நடக்கிறது. காற்றழுத்தம் குறைகிறது, மழையில் நனைந்த மேல்மண் மூடிபோலாகி, வாயு நேராக மேலே போகும் வழியை அடைக்கிறது. மேலே போக முடியாத வாயு பக்கவாட்டில், உங்கள் தெருப் பக்கமாக நகரும். ஆகவே வெயில் காயும் ஒரு பிற்பகலில் எடுத்த அளவைக் காட்டி "வாயு இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகையில், புயல் சின்னம் கரையை நெருங்கும் நாளில் எடுத்த அளவு எங்கே என்று கேளுங்கள்.

சூட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் அலுவலகங்கள் வாயுவையாவது எப்போதாவது அளக்கின்றன. உள்ளே இருக்கும் சூட்டை யாரும் அளந்து நான் கண்டது அரிது. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் 60, 65 டிகிரிக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை. சூடு அதைத் தாண்டினால் மீத்தேன் குறைந்து, கரியமில வாயு, ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு கூடும். இது மிகவும் ஏமாற்றக்கூடிய இடம். மீத்தேன் மட்டும் அளப்பவருக்கு எண் குறைவது நல்ல செய்தியாகத் தெரியும். "மேடு அடங்கிவிட்டது" என்று அறிக்கை எழுதிவிடுவார். உண்மையில் உள்ளே நுண்ணுயிர்கள் வெந்து செத்துக்கொண்டிருக்கும்.

சூடு ஏறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மேல்மண்ணில் விழுந்த வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே புகுந்து குப்பை தணலாக எரிவது. இரண்டாவது, காற்றே இல்லாமல் ஆழத்தில் நடக்கும் வேதிவினை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே பிரிட்ஜ்டன் கிடங்கில் 2010 டிசம்பரில் உள்ளே சூடு ஏறியது தெரியவந்தது. பல ஆண்டுகள் நாற்றமும், குப்பையிலிருந்து வடியும் கசிவுநீரும் பெருகின, மேடு வேகமாக உட்கார்ந்தது. பக்கத்திலேயே அணுகுண்டுத் திட்டக் காலத்துக் கதிரியக்கக் கழிவு புதைந்து கிடந்ததால் ஊரே கலங்கிப்போனது. கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் சிக்கிட்டா கேன்யன் கிடங்கில் 2022 வாக்கில் இதே போன்ற வினை தொடங்கியது. அக்கம்பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கில் புகார் கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் நடுவண் சுற்றுச்சூழல் முகமை நேரடியாக உத்தரவு போட்டது. அந்த ஆண்டு முடிவோடு கிடங்கு குப்பை வாங்குவதை நிறுத்தியது. இந்த இரண்டும் வாயுவை வெளியே எடுக்கும் கிணறுகள் உள்ள, பொறியாளர்கள் நடத்திய கிடங்குகள். அங்கேயே இந்த நிலை என்றால், எதையும் பிரிக்காமல் கொட்டிய நம் மேடுகளில் அளக்காமல் இருப்பதற்கு என்ன நியாயம்?

இப்போது விதிமுறை. இருக்கிறது, ஆனால் பாதிதான் இருக்கிறது. நம் நாட்டின் 2000 ஆம் ஆண்டு நகரத் திடக்கழிவு விதிகளும் அவற்றுக்குப் பின் வந்த 2016 விதிகளும், கிடங்கில் மீத்தேன் அதன் வெடிப்பு வரம்பின் கீழ் எல்லையில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றன. கீழ் எல்லை 5 சதவீதம் என்பதால், காற்றில் 1.25 சதவீதம். இதே வரம்பை 2000 விதிகளின் அட்டவணை "ஒரு கன மீட்டருக்கு 650 மில்லிகிராமுக்குச் சமம்" என்று சொல்லியிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1.25 சதவீதம் என்பது எட்டாயிரம் மில்லிகிராமுக்கும் மேல். 650 என்பது ஏறத்தாழ 0.1 சதவீதம்தான். ஒரே வரியில் பன்னிரண்டு மடங்கு வேறுபாடுள்ள இரண்டு எண்கள். எந்த எண்ணை வைத்து உங்கள் மேட்டில் "இல்லை" என்றார்கள்? அளவு எங்கே எடுத்தது, மண்ணுக்கு மேலா உள்ளேயா? அளக்கும் தடவைகளையும் 2000 விதிகள் மக்கள்தொகையை வைத்தே சொல்லின: ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட நகரங்களில் ஆண்டுக்கு ஆறு முறை, ஒன்று முதல் பத்து லட்சம் வரை உள்ள ஊர்களில் இரண்டு முறை. ஒரு மேடு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது அந்த ஊரில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதைப் பொறுத்ததல்ல. மேட்டின் உள்ளே எத்தனை டிகிரியில் யார், எத்தனை மணி நேரத்துக்குள் என்ன செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு அந்த விதிகளில் இல்லை.

அமெரிக்க விதிகளை நான் குறையில்லாதவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே எண்ணோடு கடிகாரமும் கட்டப்பட்டிருக்கிறது. அதுதான் நமக்கு வேண்டியது. கிடங்கின் எல்லையில் மீத்தேன் 5 சதவீதத்தையோ, கிடங்கு வளாகக் கட்டடத்துக்குள் அதில் கால் பங்கையோ தாண்டினால், உடனே ஆட்களைப் பாதுகாக்க வேண்டும். ஏழு நாளில் பதிவேட்டில் எழுத வேண்டும். அறுபது நாளில் சீரமைப்பைத் தொடங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அளக்க வேண்டும். பெரிய கிடங்குகளின் வாயுக் கிணற்று வாயிலில் சூடு 55 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று 1996 இல் வைத்தார்கள்; 2020 இல் அதை 62.8 டிகிரியாகத் தளர்த்தினார்கள். அதைத் தாண்டினால் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்து வாரந்தோறும் பார்க்க வேண்டும். 76.7 டிகிரியும், கார்பன் மோனாக்சைடு 1000 பி.பி.எம்.மும் (பத்து லட்சம் பங்கு வாயுவில் ஆயிரம் பங்கு) சேர்ந்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் போக வேண்டும். இதில் எனக்குள்ள மனக்குறை, அளவு கிணற்றின் வாயிலில் எடுக்கப்படுகிறது என்பது. முப்பது அடி கீழே உள்ள சூடு வாயிலுக்கு வரும்போது ஆறிப்போகலாம். பிரிட்டனில் பழைய கிடங்குகளின் எல்லைக் குழாய்களில் மீத்தேன் 1 சதவீதத்தைத் தாண்டினாலே எச்சரிக்கை. அது இன்னும் பாதுகாப்பான பழக்கம்.

நகராட்சி ஆணையருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் நீங்கள் எழுதப் போகும் மனுவில் "ஆய்வு நடத்த வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் மறுபடியும் அந்த மீட்டர்தான் வரும். மேட்டுக்கும் உங்கள் தெருவுக்கும் நடுவே, எல்லையை ஒட்டி நிரந்தரத் துளைக்குழாய்கள் வேண்டும் என்று கேளுங்கள். அது பெரிய செலவில்லை: போர் போட்டு, கீழ்ப்பகுதியில் துளையிட்ட பிவிசி குழாயை இறக்கி, சுற்றிலும் ஜல்லி போட்டு, மேலே பெண்டோனைட் களிமண்ணால் அடைத்து, வால்வோடு மூடி, பூட்டு. குழாய் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்றால், குப்பை கிடக்கும் ஆழம் வரைக்காவது. அளக்கும்போது முதலில் அழுத்தம், பிறகு மீத்தேன், கரியமில வாயு, ஆக்சிஜன், அன்றைய காற்றழுத்தம் எல்லாம் குறிக்கப்பட வேண்டும்.

சூட்டுக்கு, அந்த மூலையிலும் நல்லதாகத் தெரியும் இன்னோர் இடத்திலும் ஆழ வாரியாக வெப்ப உணரிகளை இறக்கச் சொல்லுங்கள். ட்ரோனில் வெப்பக் கேமரா பறக்கவிட்டுப் படம் காட்டுவார்கள். அது மேல்தோலைத்தான் பார்க்கும், அதை மட்டும் ஏற்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு கையளவு மீட்டரில் 1000 பி.பி.எம். காட்டினால் உள்ளே தணல் இருக்க வாய்ப்பு அதிகம். நூறுக்கும் ஆயிரத்துக்கும் இடையில் என்றால் சந்தேகத்துக்குரியது. ஆனால் அந்த மீட்டரின் உணரி ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடு என்று தவறாகக் காட்டும். அதனால் பையில் வாயுவைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்ய வேண்டும். இந்த ஒரு வரியை மனுவில் சேர்த்தால், படிக்கும் பொறியாளர் உங்களை இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று, மிகவும் மலிவானது. மேட்டின் மேல் நாலைந்து கல் நட்டு, மாதம் ஒரு முறை மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். மக்கும் குப்பை மெல்ல உட்காரும். எரியும் குப்பை சட்டென்று உட்காரும். மட்டக் கருவி எந்த நகராட்சிப் பொறியியல் பிரிவிலும் இருக்கிறது.

அளப்பவர் யார் என்பதும் முக்கியம். மேட்டை மூடிய ஒப்பந்ததாரரே அளந்து, அவரே "சரி" என்று எழுதிக்கொடுத்துப் பில் வாங்கும் ஏற்பாடு இருந்தால் அதை மாற்றக் கேளுங்கள். இதுவரை எடுத்த அளவுகள், எடுத்த இடம், நாள், மீட்டரின் அளவுத்திருத்தச் சான்று ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். பதிவேடே இல்லை என்று பதில் வந்தால் அதுவும் உங்கள் கையில் ஓர் ஆவணம். பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு வரை அது பயன்படும்.

பூங்கா, சமுதாயக்கூடம் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பழைய கிடங்கைப் பயோமைனிங் (குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றுதல்) செய்ய வேண்டும், முடியாவிட்டால் விதிப்படி மூட வேண்டும் என்று 2016 விதிகள் கூறின. விதிப்படி மூடுவது என்றால் நீர் புகாத 60 சென்டிமீட்டர் களிமண் அடுக்கு, அதன்மேல் 15 சென்டிமீட்டர் வடிகால் அடுக்கு, அதன்மேல் செடி வளர 45 சென்டிமீட்டர் மண். டிப்பரில் கொண்டுவந்து தட்டிய செம்மண் அதில் சேராது. மூடிய கிடங்கை 15 ஆண்டுகள் கண்காணித்து, வாயுவும் கசிவுநீரும் வரம்புக்குள் இருப்பதும் நிலம் நிலையாக இருப்பதும் உறுதியான பிறகே குடியிருப்புக்கோ வேறு பயன்பாட்டுக்கோ எண்ணலாம் என்றும் அவை சொல்லின. மூன்றே ஆண்டில், வேம்பு பிழைக்காத மண்ணின் மேல், நூறு பேர் பந்தியில் உட்காரும் கூடத்தைக் கட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடித்தளத்துக்குத் தோண்டும்போதே காற்று உள்ளே போய்த் தணல் மூளலாம். கட்டிய பின் தரைக்கடியில் வாயு தேங்கலாம். திறந்த பூங்கா கூட அந்த மூலையின் அளவு வரும் வரை பொறுக்கட்டும். பயோமைனிங் செய்வதாக முடிவெடுத்தாலும், பொக்லைன் கை வைக்கும் முன் சூடும் வாயுவும் அளந்திருக்க வேண்டும் என்பதை டெண்டரிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

அதுவரை உங்கள் வீட்டில்: சம்ப்பையோ கழிவுநீர்த் தொட்டியையோ சுத்தம் செய்ய யாரையும் உள்ளே இறக்காதீர்கள். கரியமில வாயு கனமானது, அடியில் தங்கும். இறங்கியவர் கூப்பிடக்கூட நேரம் இருக்காது. தரைவழியாக வீட்டுக்குள் வரும் குழாய், கேபிள் ஓட்டைகளைச் சிமெண்டால் அடையுங்கள். தரைத்தள அறைகளில் காற்றோட்டம் இருக்கட்டும், மழைக்காலத்திலும். மேட்டில் நிலம் வெடித்திருந்தாலோ, மழை நின்றதும் ஒரு திட்டு மட்டும் முதலில் காய்ந்தாலோ, ஓர் இடம் திடீரென்று குழிந்தாலோ பக்கத்தில் போகாமல் தூரத்திலிருந்து படம் எடுத்து, நாளும் நேரமும் எழுதி வையுங்கள். தலைசுற்றல், மூச்சுத்திணறல் வந்தால் வெளியே வந்துவிட்டுப் பிறகு 108 ஐ அழையுங்கள்.

தீ எரிந்த மூலை எது என்று எழுதுங்கள். தகவல் உரிமைப் பதில் வந்ததும் அதன் நகலையும் அனுப்புங்கள். எண்களைப் பார்த்துவிட்டு, துளைக்குழாய்களை எங்கெங்கே இறக்கக் கேட்கலாம் என்று ஒரு வரைபடம் போட்டுத் தருகிறேன்.